டேப்ல 'பிஸ்கட்' மட்டும்தான் அமுக்குறான், அடுத்து என்ன பண்றது?

வேளச்சேரி அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். பையனுக்கு 6 வயசு முடிஞ்சுது, ஆட்டிசம். வாயில வர்றது மொத்தமே நாலஞ்சு வார்த்தைதான், 'ம்மா', 'தா', 'பூ'ன்னு. பூன்னா பூ இல்ல, பஸ். நாலு மாசம் முன்னாடி ஸ்பீச் தெரபிஸ்ட் சொல்லி, படத்தை அமுக்கினா பேசுற ஆப் ஒண்ணு டேப்ல போட்டோம். மொத வாரம் எல்லாத்தையும் ஆசையா அமுக்கினான், இப்ப பிஸ்கட் பட்டன் மட்டும்தான், ஒரு நாளைக்கு 40 தடவையாவது இருக்கும், சில நேரம் எடுத்துக் குடுத்தா திங்கவும் மாட்டேங்குறான். கடுப்புல ரெண்டு தடவ டேப்பை பீரோ மேல தூக்கி வச்சுட்டேன். சென்டர்ல என்னடான்னா 'எனக்கு', 'பிஸ்கட்', 'வேண்டும்'னு மூணு பட்டனும் அமுக்கினாதான் குடுக்கணும்னு சொல்றாங்க, அவன் ரெண்டாவது பட்டன் வர்றதுக்குள்ளயே தலைய அடிச்சுக்குறான். மாமியாரோ மிஷினே பேசிட்டா புள்ள எதுக்கு வாயத் தொறக்கப்போறான்னு தினமும் ஒரு தடவயாவது சொல்லிடுவாங்க. வீட்டுக்காரர் ஒண்ணும் சொல்றதில்ல, டேப்பை தொடுறதும் இல்ல. ஸ்கூல்ல இங்கிலீஷ், வீட்ல தமிழ், ஆப்பை எதுல வைக்குறதுன்னும் தெரியல. இதத் தாண்டி வந்தவங்க யாராவது இருந்தா சொல்லுங்க.

பெரம்பூர் அப்பா:
சிஸ்டர், ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், தப்பா எடுத்துக்காதீங்க. இந்த நாலு மாசத்துல நீங்க அந்த டேப்ல எத்தன தடவ பேசினீங்க? அவனை அமுக்கச் சொல்றத கேக்கல, நீங்களே அமுக்கினத கேக்குறேன். எங்க வீட்லயும் மொத ஆறு மாசம் இதே கதைதான், பொண்ணு முன்னாடி டேப்ப நீட்டி 'இது என்ன, ஆப்பிள் எங்க, காட்டு'ன்னு பரீட்சை வச்சுக்கிட்டே இருந்தோம், அவ டேப்பக் கண்டாலே ஓடிப்போயிடுவா. அப்புறம்தான் ஒருத்தர் புரிய வச்சாங்க, வீட்ல யாருமே பேசாத பாஷைய குழந்தை மட்டும் எப்படிங்க பேசும்னு.

அதுக்கப்புறம் டேப்ப அடுப்பு மேடைல சாய்ச்சு வச்சுக்கிட்டோம். தோசை ஊத்தும்போது வாயால பேசிக்கிட்டே நடுவுல 'சூடு', 'இன்னும்', 'போதும்'னு நான் அமுக்குவேன், அவ அமுக்கணும்னு எதிர்பார்க்கவே மாட்டேன். மாவுக் கையோட அமுக்கி அமுக்கி ஸ்கிரீன்ல ஒரு ஓரம் இப்பவும் மங்கலாத்தான் இருக்கு. நாலு மாசம் ஒரு ரியாக்‌ஷனும் இல்ல. அப்புறம் மயிலாப்பூர்ல ஒரு கல்யாணம், மேளம் நாதஸ்வரம் எல்லாம் காதுக்குப் பக்கத்துல, பொண்ணு என் மடில இருந்த டேப்ப இழுத்து 'போதும்' அமுக்கினா, பக்கம் மாத்தி 'வெளிய' அமுக்கினா, மறுபடி 'போதும்'. தாலி கட்டுறதுக்கு முன்னாடியே எழுந்து வந்துட்டோம். பெரியப்பா வீட்ல இன்னிக்கு வரைக்கும் அதுக்கு மூஞ்சி தூக்கிவச்சுக்கிட்டு இருக்காங்க, பரவால்ல. அன்னிக்கு மட்டும் 'கொஞ்ச நேரம் இருடா'ன்னு உக்கார வச்சிருந்தா 'போதும்'ங்கற பட்டனுக்கு அர்த்தமே இல்லன்னு அவளுக்குத் தோணியிருக்கும். இப்ப 11 வயசு, டேப்லயே சண்டை போடுறா.

ஸ்பீச் தெரபிஸ்ட் ஒருத்தி:
பீரோ மேல வைக்குறத மட்டும் இன்னிக்கே நிறுத்திடுங்கம்மா. நச்சரிக்கிற புள்ள வாய்ல பிளாஸ்திரி ஒட்டுவோமா? பிஸ்கட் பட்டனை மறைக்கவும் வேண்டாம். டப்பாவத் தொறந்து காட்டி நீங்களே 'பிஸ்கட்', 'தீந்துபோச்சு' அமுக்குங்க, கோவம் வரும், வரட்டும், அதுவும் பேச்சுதான். குடுத்தும் திங்கலன்னா அவன் கேக்குறது பிஸ்கட்டாவே இல்லாம இருக்கலாம். அத அமுக்கினா அம்மா எழுந்து வர்றா, அதுக்குத்தான் அமுக்குறானோ என்னவோ. அதனால 'வா', 'பாரு', 'விளையாடலாம்', 'உதவி', 'வேண்டாம்', 'இன்னும்' இதெல்லாம் மொத பக்கத்துலயே இருக்கணும். சாப்பாட்டுப் படமா நிரப்பி வச்சா சாப்பாட்டைத்தான் கேப்பான். ஒரு தடவ வச்ச இடத்த மாத்தாதீங்க, விரல் இடத்த வச்சுதான் பழகும், நாம செல்போன்ல பாக்காமலே டைப் பண்ற மாதிரி.

மூணு பட்டன் விஷயம் எனக்கு சம்மதம் இல்ல. நம்ம வீட்ல யாரு 'எனக்கு பிஸ்கட் வேண்டும்'னு பேசுறா? 'பிஸ்கட் தா'ன்னுதான சொல்வோம். உங்க பையனுக்கு வாயிலயே 'தா' வருதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. பட்டன்ல 'பிஸ்கட்', வாயால 'தா', அவ்வளவுதான், ரெண்டு வார்த்தை வாக்கியம் முடிஞ்சுது, உடனே குடுத்துடுங்க. கையப் புடிச்சு அமுக்க வைக்காதீங்க. நீங்க அமுக்கிட்டு மனசுக்குள்ள பத்து எண்ணுங்க, அந்த பத்து செகண்ட் சும்மா இருக்குறதுதான் பெத்தவங்களுக்கு ரொம்பக் கஷ்டம்.

மாமியார்கிட்ட சொல்றதுக்கு ஒண்ணு: 2006ல மில்லர், லைட், ஷ்லாசர்னு மூணு பேர், பேச்சுக்குத் துணையா இப்படி வேற வழி குடுக்குறதப் பத்தி அதுவரைக்கும் வந்த ஆய்வுகளை அலசினாங்க. ஒழுங்கா கட்டுப்பாட்டோட நடந்ததுல இருந்தவங்க 27 பேர், அதுல ஒருத்தருக்குக் கூட பேச்சு குறையல, 89 சதவீதம் பேருக்குக் கொஞ்சமாவது கூடியிருக்கு. எல்லாருக்கும் கடகடன்னு பேச்சு வந்துடும்னு அர்த்தம் இல்ல, மிஷினால வாய் அடைச்சுப்போகும்ங்கற பயம் வேண்டாம்னுதான் சொல்றேன்.

பாஷை, வீட்ல தமிழ்னா தமிழ்தான். ஆனா மிஷின் குரல் நியூஸ் வாசிக்குற மாதிரி 'தண்ணீர் வேண்டும்'னு சொல்லும், அத 'தண்ணி வேணும்'னு பேசுற மாதிரியே டைப் பண்ணி மாத்துங்க, இல்ல குரலை ரெக்கார்ட் பண்ணுங்க.

குரோம்பேட்டை சித்தி:
அக்கா பையனுக்காக நாலு வருஷமா ஓடிக்கிட்டு இருக்கேன், அதனால படிச்சவங்க சொல்லாத ரெண்டு விஷயம். யூடியூப் இருக்குற டேப்ல பேச்சு ஆப் போட்டா யூடியூப்தான் ஜெயிக்கும், இதுக்குன்னே தனி டேப் வேணும், முடியலன்னா ஐபேட்ல கைடட் ஆக்சஸ், ஆண்ட்ராய்டுல ஸ்கிரீனை பின் பண்ற செட்டிங் இருக்கு, அந்த ஆப்பை விட்டு வெளிய போகாது. ரெண்டாவது, மொத பக்கத்த ஸ்கிரீன்ஷாட் எடுத்து கலர் பிரின்ட் போட்டு லேமினேட் பண்ணிடுங்க, ஜெராக்ஸ் கடையிலயே செஞ்சு தருவாங்க. பெசன்ட் நகர் பீச் மணல்ல, குளிக்குற இடத்துல, கரண்ட் போய் சார்ஜ் இல்லாதப்ப எல்லாம் அந்த அட்டைதான் காப்பாத்தும். தமிழ் மட்டும் வைங்கன்னு தெரபிஸ்ட் மேடம் சொல்றது எங்களுக்கு ஒத்துவரல. கிளாஸ்ல மிஸ்ஸுக்கு டேப் தமிழ் பேசினா பிடிக்கல, ஸ்கூலுக்கு தனியா ஒரு இங்கிலீஷ் பக்கம் சேத்தோம், பையன் குழம்பவே இல்ல.

முட்டுக்காடு நிப்மெட்ல ஒரு தடவ காட்டுங்க, மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசு நிறுவனம். படத்தை அமுக்கினா பேசுற ஆவாஸ்னு ஒரு ஆப் கூட நம்ம ஊர்ல உருவானதுதான், கோட்டூர்புரத்துல மாற்றுத்திறனாளிகளுக்காக இருக்குற வித்யாசாகர்ல குழந்தைங்களோட உக்காந்து பழகிப் பண்ணாங்க. யுடிஐடி கார்டு, அதான் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, எடுத்தாச்சா? நிரமயான்னு மத்திய அரசோட மருத்துவ இன்ஷூரன்ஸ் ஆட்டிசத்துக்கு உண்டு, வருஷத்துக்கு 1 லட்சம் வரைக்கும், தெரபி செலவுக்கும் அதுல ஒரு பங்கு இருக்கு.

வேளச்சேரி அம்மா:
மூணு வாரம் ஆச்சு, வந்து சொல்லணும்னு நெனச்சேன். பிஸ்கட் இன்னும் ஓடிக்கிட்டுதான் இருக்கு, 40 இப்ப 30 ஆகியிருக்கும், எண்ணுறத விட்டுட்டேன். வீட்டுக்காரர் சாயங்காலம் அவனை விஜயநகர் பஸ் ஸ்டாண்டுக்கு கூட்டிட்டுப் போறார், டேப்ப பெல்ட் போட்டு கழுத்துல மாட்டிக்கிட்டு. ஒவ்வொரு பஸ் கிளம்பும்போதும் இவரே 'பஸ்', 'போச்சு' அமுக்குறார், பக்கத்துல நிக்குறவங்க ஒரு மாதிரி பாக்குறாங்களாம். நேத்து ரொம்ப நேரமா பஸ்ஸே வரல. பையன் டேப்ப இழுத்து 'பஸ்', 'வா', 'வா', 'வா'ன்னு அமுக்கியிருக்கான். இவர் ஃபோன் பண்ணி சொல்லும்போது குரலே சரியில்ல.

இப்ப புதுப் பிரச்னை, மாமியார் எல்லா பட்டனையும் அவங்க குரல்லயே ரெக்கார்ட் பண்ணித் தர்றேன்னு உக்காந்திருக்காங்க. பண்ணலாமா?

ஸ்பீச் தெரபிஸ்ட் ஒருத்தி:
6 வயசுப் பையன் பாட்டி குரல்ல பேசினா நல்லாவா இருக்கும்மா! சொந்தத்துல அவன் வயசுல ஒரு பையன் இருந்தா புடிங்க. 'சாப்பிட வாடா' மாதிரி பாட்டி சொல்ற டயலாக் நாலு மட்டும் அவங்களுக்கு விட்டுக்குடுங்க.