மறு: ‘டின்டிங்’, ‘டோனிங்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம். மௌனப்படக் காலத்தில் கறுப்பு வெள்ளைச் சுருளுக்கு நிறம் கொடுத்த இரண்டு முறைகள் டின்டிங், டோனிங். அவற்றுக்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் நீங்கள் எழுப்பிய கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

> டின்டிங்குக்கு ‘நிறமூட்டல்’ போதுமே, புதுச்சொல் எதற்கு?

போதாது. கறுப்பு வெள்ளைப் படத்தைக் கணினியில் வண்ணப்படமாக்குவதையும் நிறமூட்டல் என்றுதான் எழுதுகிறோம். அதில் சட்டைக்கு ஒரு நிறம், வானத்துக்கு ஒரு நிறம். டின்டிங்கில் காட்சி முழுவதற்கும் ஒரே நிறம். அந்த நிறம் படம் வெளியான நாளிலேயே சுருளில் இருந்தது. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால், பழைய படத்தைப் பழையபடி மீட்டுக் கொடுத்தவரிடமே ‘ஏன் சாயம் பூசினீர்கள்’ என்று சண்டைக்குப் போவார்கள்.

ஜெர்மன் இயக்குநர் முர்னாவ் எடுத்த ‘நோஸ்ஃபெராட்டு’ (1922) என்ற மௌனப்படத்தைப் பாருங்கள். இரத்தக்காட்டேரியான ஓர்லோக் பிரபு சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடப்பது இரவில். ஆனால் எடுத்தது பகலில். அச்சுப்படியை நீலச் சாயத்தில் முக்கினால் அது இரவாகிவிடும். பிற்காலத்தில் கறுப்பு வெள்ளை ஃபிலிமில் நகலெடுத்தபோது நீலம் போய்விட்டது. வெயில் பட்டாலே செத்துப்போகும் இரத்தக்காட்டேரி பட்டப்பகலில் உலாவுகிறது! அப்படிப்பட்ட நகல்களை டிவிடியில் பார்த்தவர்கள் முர்னாவ் கோட்டை விட்டுவிட்டார் என்று நினைத்தால் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

இந்தப் படத்துக்கு மூல நெகட்டிவ் மிஞ்சவில்லை. ‘டிராகுலா’ நாவலை அனுமதியில்லாமல் படமாக்கியதற்காக, அதை எழுதிய பிராம் ஸ்டோக்கரின் மனைவி தொடுத்த வழக்கில், 1925-ல் ஜெர்மன் நீதிமன்றம் படிகளை அழிக்கச் சொன்னது. பாரிஸ் சினிமாத்தேக் காப்பகத்தில் தப்பிய, 1922-ஆம் ஆண்டுச் சாயப்படி ஒன்றை அடிப்படையாக வைத்துத்தான் முர்னாவ் அறக்கட்டளை 2005–06-ல் மீட்டமைத்தது. இன்று வீட்டில் பார்க்கும் நீலமும் மஞ்சளும் அங்கிருந்து வந்தவை. சாயம் நாளாக ஆக ஒரே சீராக வெளுப்பதில்லை என்பதால், எவ்வளவு நீலம் என்பது மீட்டமைப்பவர் முடிவு செய்வது. சில வட்டுகளில் நீலம் கண்ணைக் குத்துகிறது; எனக்கு அது பிடிப்பதில்லை.

> ‘சாயமேற்றல்’?

பரவாயில்லை. ஆனால் டோனிங்குக்கும் அது பொருந்திவிடும், அதுதான் சிக்கல். டின்டிங்கில் சாயம் ஃபிலிமின் ஜெலட்டினில் ஊறுகிறது. வெளிச்சமான இடங்கள் நிறம் காட்டும், கறுப்பு கறுப்பாகவே இருக்கும். டோனிங்கில், கறுப்பு வெள்ளைப் படிமத்தை உருவாக்கும் வெள்ளித் துகள்களே வேதிமாற்றத்தால் வேறு நிறச் சேர்மமாகின்றன. நிழல்கள் நிறம் மாறும், வெள்ளை வெள்ளையாகவே நிற்கும். திரையில் இரண்டும் நேரெதிர்.

அதனால் என் பரிந்துரை: டின்டிங் = தோய்நிறம், டோனிங் = படிமநிறம். வினையாக ‘தோய்நிறமிடல்’, ‘படிமநிறமாற்றல்’. முன்பு ஒருவர் சொன்ன ‘வெள்ளிநிறமாற்றம்’, வெள்ளி நிறத்துக்கு மாற்றுவது என்று படிக்கப்படும், வேண்டாம். ‘தோய்’ என்பதை விடாதீர்கள். ஒரே நிறத்துக்குரிய துண்டுகளை ஒன்றாகச் சேர்த்துத் தொட்டியில் தோய்த்து, உலர்த்தி, அப்புறம் கதை வரிசைக்கு ஒட்டுவார்கள். அதனால் நிறம் மாறும் இடத்தில் ஒட்டு இருக்கும். நிறம் வெளுத்துவிட்ட படியிலும், எங்கே நிறம் மாறியது என்று தேடும்போது அந்த ஒட்டு ஒரு தடயம்.

> ஈஸ்ட்மன் கோடாக் சாயமிட்ட ஃபிலிமையே விற்றதே? அதைத் தோய்க்கவில்லையே?

உண்மைதான். அங்கே நிறம் ஃபிலிமின் அடித்தளத்திலேயே இருக்கிறது. அதற்கு ‘முன்சாயச் சுருள்’ என்று தனியே வைத்துவிடலாம். திரையில் தெரியும் விளைவைத் தோய்நிறம் என்றே சொல்வோம். குளத்தில் குளித்தாலும் குழாயடியில் குளித்தாலும் குளியல்தானே!

மறுப்பு இருந்தால் இந்த இழையிலேயே எழுதுங்கள். இல்லையென்றால் கலைச்சொல் பட்டியலில் சேர்த்துவிடுகிறேன். மௌனப்படத்தில் காட்சிகளுக்கு நடுவே வரும் வசன அட்டைக்கு ‘இடையெழுத்து’ வேண்டும் என்பவர்கள் தனி இழை தொடங்குங்கள். அதில் எனக்குச் சண்டை போட நிறைய இருக்கிறது.