கால் கட்டைவிரல் புடைப்புக்கு அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாமா?

நெல்லைக் கரும்பலகை கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 48. மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். என் வலது காலின் கட்டைவிரல் பல ஆண்டுகளாகவே மற்ற விரல்களின் பக்கம் சாய்ந்து, அதன் அடிமூட்டு வெளியே புடைத்து நிற்கிறது. மருத்துவர் இதற்குப் பெயர் ‘பனியன்’ என்று சொன்னபோது, பக்கத்தில் நின்ற என் கணவர் குனிந்து தம் சட்டைக்குள் பார்த்துக்கொண்டார். என் அம்மாவுக்கும் ஆச்சிக்கும் இதே கால்தான். அவர்கள் இதை ஒரு நோயாக எண்ணியதே இல்லை. “நம்ம வீட்டுக் கால்” என்று சொல்லிச் சிரிப்பார்கள்.

கடந்த ஓராண்டாக என்னால் அப்படிச் சிரிக்க முடியவில்லை. நான்காவது பாடவேளை முடிவதற்குள் புடைப்பு எரியத் தொடங்கிவிடுகிறது. மாலையில் செருப்பைக் கழற்றினால் அந்த இடம் சிவந்து, தொட்டால் சுடுகிறது. இரண்டாவது விரல் கட்டைவிரலின் மேல் ஏறத் தொடங்கியிருப்பதால் மெட்டி உராய்ந்து புண்ணாகிறது. அந்த விரலுக்கு நேர் கீழே உள்ளங்காலில் ஒரு காய்ப்பும் விழுந்திருக்கிறது.

இரண்டு மருத்துவர்களைப் பார்த்தேன். முதலாமவர் எக்ஸ்ரேயைப் பார்த்தவுடன் இந்த மாதமே அறுவை சிகிச்சை செய்துகொள்ளச் சொன்னார். இரண்டாமவரோ வலியைப் பொறுத்துக்கொள்ள முடிகிறவரை காலைத் தொடவே வேண்டாம் என்றார். இருவரும் ஐந்து நிமிடத்துக்கு மேல் பேசவில்லை. இந்த முடிவை எடுத்தவர்களும், எடுக்காமல் தள்ளிப்போட்டவர்களும் எதை வைத்துத் தீர்மானித்தீர்கள் என்று எழுதினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

மயிலைக் காசாளர் எழுதியது:

சகோதரி, இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே வலது காலில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவள் நான். என் காலில் எலும்பை வெட்டி, நகர்த்தி, இரண்டு திருகுகளால் பொருத்தினார்கள். அறுவை நடந்தபோது வலியே தெரியவில்லை. மரத்துப்போகச் செய்த ஊசியின் வேகம் தணிந்த பிறகு முதல் மூன்று இரவுகள் கடினமாக இருந்தன. காலைத் தலையணைகளின் மேல் உயர்த்தி வைத்தால்தான் அந்த விண்விண் என்ற தெறிப்பு அடங்கியது. தையல் இரண்டு வாரத்தில் பிரிக்கப்பட்டது. ஆனால் ஆறு வாரம் வரை குதிகாலில் மட்டும் எடை விழும்படி அமைந்த ஒரு தனிக் காலணியில்தான், அதுவும் வீட்டுக்குள்ளேயே, நடக்க வேண்டியிருந்தது.

பலரும் சொல்லாமல் விடுவது அதற்குப் பிந்தைய காலத்தைப் பற்றித்தான். பத்தாவது வாரம் வேலைக்குத் திரும்பினேன். எனினும் எட்டாவது மாதம் வரை மாலையானால் கால் வீங்கியது. விரலின் உட்பக்கத்தில் ஒரு ரூபாய் நாணய அளவுக்கு இன்றும் உணர்ச்சி இல்லை. கட்டைவிரல் முன்போல் முழுவதுமாக மடங்காததால், குந்தி உட்கார்ந்து கோலம் போடும்போது இடது காலை ஊன்றி, வலது காலைச் சற்று முன்னால் நீட்டிக்கொள்கிறேன். இத்தனைக்கும் பிறகு, மறுபடி அதே நிலைமை வந்தால் செய்துகொள்வேனா என்று கேட்டால், செய்துகொள்வேன் என்றுதான் சொல்வேன். ஏனெனில் அப்போது என்னால் கடற்கரைச் சாலையில் அரை கிலோமீட்டர் கூட நடக்க முடியவில்லை, இப்போது நான்கு கிலோமீட்டர் நடக்கிறேன். வலியில்லாமல் தோற்றம் மட்டும் உறுத்தியிருந்தால் நிச்சயம் செய்துகொண்டிருக்க மாட்டேன்.

நடைவழி எழுதியது:

நான் ஓர் இயன்முறை மருத்துவர். ஆசிரியை அவர்கள் தம் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை சில இருக்கின்றன. புடைத்துத் தெரிவது புதிதாக வளர்ந்த எலும்பு என்றே பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது உண்மையன்று: கட்டைவிரலுக்குப் பின்னால் பாதத்துக்குள் இருக்கும் நீண்ட எலும்பு மற்றொரு காலை நோக்கி விலக, விரல் எதிர்ப்பக்கம் சாய, இடையிலுள்ள மூட்டின் தலைப்பகுதிதான் வெளியே துருத்தி நிற்கிறது. ஆகவே உங்கள் எக்ஸ்ரே படுத்த நிலையில் எடுக்கப்பட்டிருந்தால், அதை வைத்து எந்த முடிவும் எடுக்க வேண்டாம். உடல் எடை காலில் விழும்போது விலகல் எவ்வளவு என்பது நின்று எடுத்த படத்தில்தான் தெரியும். விரலின் சாய்வு 15 பாகைக்குள் இருப்பது இயல்பு. 40 பாகையைத் தாண்டினால் கடுமையானது. ஆனால் அறுவையைத் தீர்மானிப்பது அந்தப் பாகை மட்டுமன்று. 40 பாகையோடு வலியின்றி வயலில் வேலை செய்யும் பாட்டிகளையும், 22 பாகையில் அழுதுகொண்டு வருபவர்களையும் பார்த்திருக்கிறேன்.

பரம்பரை உங்களுக்கு வழியைப் போட்டுக் கொடுத்திருக்கிறது என்றாலும் காலணிக்கும் பங்கு உண்டு. ஹாங்காங்கில் நடத்தப்பட்டு 1958இல் வெளியான ஆய்வொன்றில், காலணி அணிந்தவர்களில் 33 சதவீதத்தினருக்கும், வெறுங்காலுடன் வாழ்ந்தவர்களில் 1.9 சதவீதத்தினருக்கும் இந்தச் சாய்வு காணப்பட்டது. எனவே இன்றிரவே ஒன்று செய்யுங்கள். தரையில் ஒரு வெள்ளைத்தாளை விரித்து, வெறுங்காலுடன் முழு எடையையும் ஊன்றி நின்று, வேறொருவரைப் பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துப் பாதத்தைச் சுற்றி வரையச் சொல்லுங்கள். பிறகு பள்ளிக்கு அணியும் செருப்பை அந்த வரைகோட்டின் மேல் வையுங்கள். கோடு செருப்புக்கு வெளியே தெரிந்தால், நீங்கள் இன்னும் அறுவை அல்லாத சிகிச்சையைத் தொடங்கவே இல்லை என்று பொருள்.

விரல்களுக்கிடையே வைக்கும் சிலிக்கோன் தடுப்பும் இரவில் கட்டும் பட்டையும் உராய்வைக் குறைக்கலாம். வளர்ந்தவர்களின் எலும்பை அவை நேராக்குவதில்லை, விளம்பரங்கள் என்ன சொன்னாலும் சரி. ஃபின்லாந்தில் 209 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்து நடத்தி 2001இல் வெளியிட்ட ஆய்வில், காலணிக்குள் வைக்கும் தாங்கி ஆறு மாதம் வரை வலியைக் குறைத்தது. ஓராண்டு முடிவில் அறுவை செய்துகொண்டவர்களே மற்ற இரு குழுவினரையும்விட நல்ல நிலையில் இருந்தார்கள். மூன்று மாதம் அகலமான காலணியோடு முயன்று பார்த்துவிட்டு முடிவெடுப்பதில் பொதுவாக இழப்பு ஏதுமில்லை.

சாரல் எழுதியது:

மேலே உள்ளவர் சொன்னதோடு எனக்கு முழு உடன்பாடு உண்டு, கடைசி வரியைத் தவிர. மூன்று மாதம் என்று தொடங்கிய காத்திருப்பு என் அம்மாவின் விஷயத்தில் பதினாறு ஆண்டுகளாக நீண்டது. எழுபது வயதில் வலி தாங்காமல் போனபோது, சர்க்கரை நோயால் பாதத்தின் ரத்த ஓட்டம் குறைந்துவிட்டதாகவும், வெட்டினால் புண் ஆறாது என்றும் சொல்லி அறுவை மருத்துவர் மறுத்துவிட்டார். இப்போது அம்மா ஒரு மென்மையான துணிக் காலணியோடு வாசல் வரைதான் போகிறார். ஆசிரியை அக்காவுக்கு இரண்டாவது விரல் ஏறத் தொடங்கிவிட்டது என்பதால், அது முழுவதுமாக விலகுவதற்கு முன் ஒரு கெடுவை வைத்துக்கொள்வது நல்லது.

இன்னொன்றும் உண்டு. என் சித்தி பல ஆண்டுகளுக்கு முன் செய்துகொண்டது, புடைப்பை மட்டும் செதுக்கி எடுக்கும் சிறிய அறுவை. செலவும் குறைவு, ஓய்வும் குறைவு என்று அனைவரும் மகிழ்ந்தோம். சாய்வைச் சரிசெய்யாமல் மேட்டை மட்டும் சீவியதால் சில ஆண்டுகளிலேயே புடைப்பு மீண்டும் வந்துவிட்டது. எனவே எந்த எலும்பை எந்த இடத்தில் வெட்டப்போகிறார், இரண்டாவது விரலையும் அதே நாளில் சரிசெய்வாரா, திரும்ப வந்தால் என்ன செய்வார் என்பவற்றை மருத்துவரிடம் எழுதி எடுத்துச் சென்று கேளுங்கள். இந்தக் கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொல்லாதவரிடம் காலைக் கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து.

நெல்லைக் கரும்பலகை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். கணவர் தாளில் வரைந்த கோடு, நான் ஆறு ஆண்டுகளாக ஒரே அளவில் வாங்கிவரும் செருப்புக்கு வெளியே புடைப்பின் பக்கம் ஒரு விரற்கடை நீட்டிக்கொண்டிருந்தது. ஆண்கள் பிரிவில் அகலமான செருப்பு ஒன்றை வாங்கினேன், நிறம்தான் காக்கி. எரிச்சல் பாதியாகக் குறைந்திருக்கிறது. உள்ளங்காலின் காய்ப்பு வலி மட்டும் அப்படியே இருக்கிறது.

நின்று எடுத்த எக்ஸ்ரேயில் சாய்வு 34 பாகை. மூன்றாவதாகப் பார்த்த மருத்துவர் அரை மணி நேரம் பேசினார். செருப்பு மாற்றத்தால் புடைப்பின் வலி குறையும் என்றாலும், காய்ப்பு வலியும் விரல் ஏறுவதும் எடை தவறான இடத்தில் விழுவதால் வருபவை என்றும், அவை கூடினால் இரு விரல்களையும் சேர்த்தே சரிசெய்ய வேண்டியிருக்கும் என்றும் விளக்கினார். பொதுத்தேர்வு முடியும்வரை இப்படியே பார்ப்பது, ஏப்ரலில் மீண்டும் அளந்து பார்த்து, காய்ப்பு வலி குறையாவிட்டால் கோடை விடுமுறையின் முதல் வாரத்திலேயே செய்துகொள்வது என்று முடிவெடுத்திருக்கிறேன். ஜூனில் சில வாரம் மருத்துவ விடுப்பும் தேவைப்படும் என்று தலைமையாசிரியரிடம் இப்போதே சொல்லிவைத்துவிட்டேன்.

வலது கால் மெட்டியைக் கழற்றி வைத்தாயிற்று, புண் ஆறிவிட்டது. காசாளர் அக்காவிடம் ஒன்று கேட்க வேண்டும்: அந்த ஆறு வாரமும் கட்டு நனையாமல் எப்படிக் குளித்தீர்கள்? எங்கள் குளியலறையில் ஒரு முக்காலி போடக்கூட இடமில்லை.

மயிலைக் காசாளர் எழுதியது:

பிளாஸ்டிக் பையை முழங்காலுக்குக் கீழே இறுக்கமில்லாமல் கட்டி, குளியலறை வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, காலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டேன். வாசலில் ஒரு பழைய துண்டை விரித்து வையுங்கள். ஈரத்தரையில் ஒற்றைக் காலால் எழுந்திருக்க முயல வேண்டாம்.