பிலிப்பைன்ஸ் கிறிஸ்துமஸும் முருங்கைக்காய் ஆசையும்: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

நெல்லைக்காரன், மக்காத்தி:

மணிலாவுக்கு வேலைக்கு வந்த முதல் வருடம், செப்டம்பர் 1ஆம் தேதி காலையில் அலுவலகக் காவலாளி, "மெர்ரி கிறிஸ்துமஸ் சார், இன்னும் 115 நாள்தான்" என்றார். கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். சாயங்காலம் போய்ப் பார்த்தால் மால் முழுக்க நட்சத்திர விளக்கு. மாதத்தின் பெயர் 'பெர்' என்று முடிய ஆரம்பித்தாலே இவர்களுக்குப் பண்டிகை வந்தாயிற்று.

ஆனால் டிசம்பர் 20 தாண்டினால் இதே மணிலா காலி. பதிமூன்றாம் மாதச் சம்பளம் என்று ஒன்று இங்கே 1975 முதல் சட்டப்படி உண்டு. 24ஆம் தேதிக்குள் கொடுத்தாக வேண்டும். அது கைக்கு வந்ததும் எல்லோரும் பெட்டி கட்டிவிடுவார்கள். "நீ ஊருக்குப் போகலையா?" என்று லிஃப்டில் கேட்பார்கள், கேன்டீனில் கேட்பார்கள். சென்னை டிக்கெட் விலையைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தவன் நான். 2022இல் பக்கத்து மேசை நண்பன் ஒரு நாள், "சரி, எங்க ஊருக்கு வா" என்றான். அவன் ஊர் பீக்கோல் பகுதியில், மயோன் எரிமலைக்குக் கீழே.

22ஆம் தேதி இரவு பரஞாக்கே பேருந்து முனையம். தீபாவளிக்கு முந்தின நாள் கோயம்பேட்டைப் பார்த்தவர்களுக்கு அதை விவரிக்க வேண்டியதில்லை. ஒருவர் மின்விசிறி, ஒருவர் ரைஸ் குக்கர், துபாயிலிருந்து அத்தை அனுப்பிய அட்டைப்பெட்டியை அப்படியே தோளில் வைத்தபடி இன்னொருவர். வெறுங்கையோடு ஊருக்குப் போகக்கூடாது. அப்படிக் கொண்டுபோகும் பண்டத்துக்கு 'பசலூபோங்' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். நான் என்ன வாங்குவது என்று தெரியாமல் இரண்டு கிலோ ஆப்பிள் வாங்கினேன். ஆஸ்பத்திரிக்குப் போகிறவன் மாதிரி.

பத்துப் பன்னிரண்டு மணி நேரப் பயணம் என்றான். பதினேழு மணி நேரம் ஆனது. அட்டிமோனன் அருகே பழைய மலைப்பாதைக்கு 'பிட்டுகாங் மனோக்', அதாவது கோழிக்குடல் என்று பெயர். எங்கள் வண்டி பக்கத்துச் சாலையில்தான் போனது, ஆனாலும் என் குடல் அந்தப் பெயரைப் புரிந்துகொண்டது. நடுராத்திரி வண்டி நிற்கும் இடத்திலெல்லாம் வேர்க்கடலை, காடை முட்டை, பலூத் என்று கூவிக்கொண்டு ஏறினார்கள். பலூத் என்றால் குஞ்சு உருவான வாத்து முட்டை. மரியாதையாக மறுத்துவிட்டேன்.

வீட்டு வாசலில் நண்பனின் பாட்டி. பேர் கேட்கவில்லை, எந்த நாடு என்று கேட்கவில்லை. முதல் கேள்வி, "குமாயின் கா நா?" சாப்பிட்டாயா? எங்கள் ஆச்சி வாசலில் நின்று கேட்பதும் அதே கேள்விதான், அதே குரலில்.

அன்றைக்கு லாயிங் வைத்திருந்தார்கள். காய வைத்த சேம்பு இலையைத் தேங்காய்ப்பாலில் மிளகாய் போட்டு வேகவைப்பது. பால் சுண்டும்வரை கரண்டி போடக்கூடாதாம், போட்டால் தொண்டை அரிக்குமாம். "எங்கள் ஊரில் அந்த அரிப்புக்குப் புளி போடுவோம்" என்றேன். பாட்டி கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். இந்தப் பயலுக்குச் சேம்பு இலை தெரியுமா என்ற ஆச்சரியம். அதற்கப்புறம் நான் விருந்தாளி இல்லை, தேங்காய் துருவுகிற ஆள்.

மயோன் மூன்று நாளும் மேகத்துக்குள்ளேயே இருந்தது. கிளம்புகிற காலையில் அரை மணி நேரம் முகம் காட்டியது. அவ்வளவு அச்சான கூம்பை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

உங்களுக்கும் இப்படி யாராவது ஊர் கொடுத்திருந்தால் எழுதுங்கள்.

மதுரைப் பொண்ணு, தவாவோ:

அண்ணா, உங்களை 'பும்பாய்' (இந்தியர்களுக்கு இங்கே வைத்த பெயர்) என்று யாரும் கூப்பிடவில்லையா? நான் எம்.டி. படிக்க வந்த புதிதில், பக்கத்து வீட்டுக் குழந்தை என்னைப் பார்த்ததும் அழுதுகொண்டு உள்ளே ஓடியது. அடம் பிடித்தால் பும்பாய் பிடித்துக்கொண்டு போய்விடுவான் என்று சொல்லி வளர்க்கிறார்களாம்!

நெல்லைக்காரன், மக்காத்தி:

கூப்பிடாமல் என்ன தங்கச்சி! நண்பனின் தெருவில் ஒரு பெரியவர், "வசூலுக்கு வந்திருக்கிறாரா?" என்று கேட்டார். இங்கே பைக்கில் வந்து ஐந்து கொடுத்து ஆறு வாங்கும் வட்டிக்காரர்கள் பலர் பஞ்சாபிகள். 'ஃபைவ் சிக்ஸ்' என்றே அந்தத் தொழிலுக்குப் பெயர். இந்தியன் என்றாலே அதுதான் நினைவுக்கு வரும். "இல்லை, சாப்பிட வந்திருக்கிறார்" என்றான் நண்பன்.

மதுரைப் பொண்ணு, தவாவோ:

என் கதை பெரும்பாலும் சாப்பாட்டுக் கதை. கிறிஸ்துமஸ் லீவு இரண்டு வாரம். ஊருக்குப் போய் வருவதிலேயே நாலு நாள் போய்விடும், காசும் போய்விடும். விடுதித் தோழிகளில் பாதிப் பேர் போயிருந்தார்கள், மெஸ் மூடிவிட்டார்கள். வீட்டு உரிமையாளரான தீத்தா (இங்கே அத்தை, சித்தி, ஆன்ட்டி எல்லோரும் தீத்தாதான்) 24ஆம் தேதி இரவு கதவைத் தட்டி, "நோச்சே புவேனாவுக்கு வா" என்றார். நள்ளிரவுப் பூசை முடிந்து குடும்பமாகச் சாப்பிடும் சாப்பாடு அது.

நான் முட்டை வரைக்கும்தான். அதை எவ்வளவு விளக்கினாலும் புரியவைக்க முடியவில்லை. "பன்றி சாப்பிட மாட்டாயா? சரி, கோழி. கோழியும் இல்லையா? அப்போ மீன்." மேசையில் சிவப்பு மெழுகு பூசிய உருண்டைச் சீஸ், ஹாம், லும்பியா, ஃப்ரூட் சாலட். கண்ணுக்குத் தெரிந்த ஸ்பகெட்டியைப் போட்டுக்கொண்டேன். ஒரு வாய் வைத்ததும் தெரிந்தது, இனிப்பு! தக்காளி சாஸில் சர்க்கரை. உள்ளே ஹாட்டாக் துண்டுகள் வேறு. அவற்றைப் பொறுக்கி ஓரம் வைத்ததைத் தீத்தா பார்த்துவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய் இஞ்சியும் தேங்காய்ப்பாலும் சேர்த்து வேகவைத்த ஒட்டரிசிச் சோறு ஒரு கிண்ணம், பழுத்த மாம்பழம், கெட்டியான கொக்கோ பானம் ஒரு குவளை கொண்டுவந்து வைத்தார். புத்தோ மாயாவும் சிக்வாத்தேயும். மறுநாள் காலைக்கு எடுத்துவைத்திருந்ததாம். நான் நின்றபடியே சாப்பிட்டு முடித்தேன்.

புத்தாண்டு இன்னொரு கூத்து. தவாவோவில் 2002 முதல் பட்டாசு வெடிக்கத் தடை. வாணம் இல்லாத டிசம்பர் 31ஐ எப்படிக் கொண்டாடுவார்கள் என்று பார்த்தால், பாத்திரம், தட்டு, பீப்பி, பைக் ஹாரன் எல்லாவற்றையும் பன்னிரண்டு மணிக்குச் சேர்த்து அடிக்கிறார்கள். மேசையில் பன்னிரண்டு வகை உருண்டைப் பழம், எல்லோர் சட்டையிலும் வட்டப் புள்ளி, பாக்கெட்டில் சில்லறை. எல்லாம் காசு மாதிரி வட்டம், காசு வரணுமாம். மணி அடித்ததும் குதித்தால் உயரமாவோம் என்றார்கள். நானும் குதித்தேன். 23 வயதில்.

இப்போது முக்கியமான விஷயம். இரண்டு வருடமாக முருங்கைக்காய் சாம்பார் கனவில் வருகிறது. கீரை தெருவெல்லாம் கிடைக்கிறது, காய் எங்கே கிடைக்கும்? யாருக்காவது தெரியுமா?

பழைய லாஸ் பான்யோஸ்வாசி:

மகளே, முருங்கைக்காய் என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. 1990களில் லாஸ் பான்யோஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் இருந்தேன். எம்.எஸ். சுவாமிநாதன் 1982 முதல் 1988 வரை தலைமை இயக்குநராக இருந்த இடம். ஆகவே தமிழன் என்றால் அங்கே பும்பாய் இல்லை, 'நெல்காரர்'.

எங்கள் வயலில் வேலை பார்த்த தொழில்நுட்ப உதவியாளர் ஒருவர் வடக்கே இலோக்கோஸ் பகுதிக்காரர். தகலாக் மொழியில் முருங்கைக்கு 'மலுங்கை'. பீக்கோலில் 'கலுங்கை' என்பார்கள். அவருடைய இலோக்கானோ மொழியில் 'மருங்கை'! முதன்முதலில் அந்தச் சொல்லைக் கேட்டபோது அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளத் தோன்றியது. மற்ற பகுதிகளில் பெரும்பாலும் கீரையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். காயை நறுக்கிக் குழம்பில் போட்டு, நம்மைப் போலவே சப்பித் துப்புகிறவர்கள் இலோக்கானோக்கள்தான். ஒரு டிசம்பரில் அவரோடு இரவுப் பேருந்தில் வடக்கே போனேன். பசலூபோங்காக, லாஸ் பான்யோஸில் இளந்தேங்காய் வழுக்கை வைத்துச் சுடும் 'பூக்கோ பை' என்ற பண்டம் நாலு பெட்டி. விடிகாலையில் இறங்கியதும் முகத்தில் ஒரு குளிர்காற்று. 'அமிஹான்' என்றார். வடகிழக்கிலிருந்து வருவது. மார்கழியில் தஞ்சாவூர்த் திண்ணையில் படுத்தவனுக்கு அது வாடைக்காற்று.

அவருடைய தாயார் மதியம் கத்தரி, பாகல், முருங்கைக்காய் எல்லாம் போட்டு மீன்சாறு ஊற்றிக் கொதிக்கவைத்து வைத்தார். மீன்வாடை எனக்குக் கொஞ்சம் தூக்கலாகத்தான் இருந்தது. ஆனால் காயைக் கடித்து இழுத்தபோது சத்தம் கேட்டு அந்த அம்மாள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. சப்பிய சக்கையைத் தட்டோரம் வரிசையாக அடுக்கும் பழக்கம்கூட ஒன்றுதான்.

தவாவோ சந்தையில் தேடாதே, அம்மா. மரம் இருக்கும் வீட்டைத் தேடு.

தூத்துக்குடி கப்பல்காரன்:

நான் பிலிப்பைன்ஸில் கால் வைத்தது இரண்டே தடவை. ஆனால் பன்னிரண்டு கிறிஸ்துமஸ் பிலிப்பினோக்களோடு கடலில்தான். 16ஆம் தேதி ஆனதும் சமையல்காரர் மூங்கிலும் கலர்த்தாளும் ஒட்டி நட்சத்திரம் செய்ய ஆரம்பித்துவிடுவார். ஊரில் அன்றிலிருந்து ஒன்பது நாள் விடியற்காலைப் பூசை, கோயில் வாசலில் வாழையிலை போட்டுச் சுட்ட பிபிங்கா, மூங்கில் குழலில் அவித்த ஊதா நிறப் புட்டு. அதற்குப் பெயர் 'புத்தோ பும்போங்'. தேங்காய்த்துருவலும் சர்க்கரையும் போட்டுத் தருவார்கள் என்று அவர் சொல்லச் சொல்ல, குழாய்ப்புட்டு என்று நான் சொல்வேன். புத்தோ, புட்டு என்று இரண்டு பேரும் மாறிமாறிக் கத்திக்கொள்வோம்.

ஒரு வருடம் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைப் பக்கம் இருந்தோம். கிரீன்விச் நேரம் அங்கே. மாலை நாலு மணிக்கு அவர்கள் ஊரில் நடுராத்திரி. கேப்டன் வேலையை நிறுத்தச் சொன்னார். டெக்கில் வெயில் கொளுத்துகிறது, ஒன்பது பேர் போனைப் பிடித்துக்கொண்டு ஆளுக்கொரு மூலையில் நிற்கிறார்கள். சிக்னல் விட்டுவிட்டு வருகிறது. ஒருவர் மகளுக்கு முதல் பிறந்தநாள்கூட நேரில் பார்க்காதவர். தட்டில் இருக்கும் கோழியைக் காமிராவுக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.

பட்டுக்கோட்டை, இப்போது செபு:

நான் சொல்வது கொஞ்சம் கனமான கதை. 2021 டிசம்பர் 16, விடியற்காலைப் பூசைகள் தொடங்கிய நாள். அன்று இரவு ஒடெட் புயல் செபுவைத் தாண்டிப் போனது. மறுநாள் மின்சாரம் இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை. ஜெனரேட்டர் வைத்திருக்கும் கடை வாசலில் போன் சார்ஜ் போட மூன்று மணி நேரம் வரிசை. வரிசையில் எனக்கு முன்னால் நின்ற சக ஊழியருக்குச் சொந்த ஊர் எதிர்க்கரையில், போஹோல் தீவின் வட பக்கம். ஆறு நாளாக வீட்டோடு பேச முடியவில்லை. படகு விட ஆரம்பித்ததும் கிளம்பினார். அரிசி மூட்டை, மெழுகுவர்த்தி, தண்ணீர்க் கேன் தூக்க ஆள் வேண்டுமே என்று நானும் போனேன்.

வீட்டில் எல்லோரும் நலம். கூரை மட்டும் இல்லை. அவருடைய அப்பா தோப்பில் இருப்பதாகச் சொன்னார்கள். போய்ப் பார்த்தால் விழுந்த தென்னை ஒன்றின்மேல் உட்கார்ந்திருக்கிறார். எனக்குக் கால் அப்படியே நின்றுவிட்டது. 2018 நவம்பர் 16, கஜா புயலுக்கு மறுநாள் காலை எங்கள் அப்பா உட்கார்ந்திருந்தது அதே மாதிரி. ஒரே திசையில் தலை சாய்த்துக் கிடந்த மரங்கள்கூட அதே மாதிரி.

அவர் தூபா இறக்குகிறவர். நம் கள்தான் அது, மரப்பட்டை போட்டுச் சிவப்பாக்கியிருப்பார்கள். அவர் ஏறும் மரத்தில் படிப்படியாக வெட்டு வைத்திருந்தார். எங்கள் பக்கம் காலில் தளை மாட்டி ஏறுவார்கள், மரத்தை வெட்ட மாட்டார்கள் என்றேன். மொழி சரியாக வராததால் ஒரு கயிற்றைக் காலில் மாட்டி, நின்றிருந்த ஒரு மரத்தில் நாலடி ஏறிக் காட்டினேன். சிராய்த்துக்கொண்டு இறங்கினேன். எட்டு நாளில் அவர் அன்றைக்குத்தான் சிரித்தார் என்று பிறகு சொன்னார்கள்.

போனில் கஜா படங்கள் இருந்தன. ஒவ்வொன்றாகப் பார்த்தார். "திரும்ப நட்டீர்களா?" என்று மகனைவிட்டுக் கேட்டார். நட்டோம், பாதி நட்டோம், மீதியில் வேறு பயிர் போட்டோம் என்றேன். காய்க்க எத்தனை வருடம் என்று நானும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் தெரியும்.

அன்று 24. வேர் பாதி மண்ணைப் பிடித்திருந்த மரமாகப் பார்த்து வெட்டி, குருத்தை எடுத்து வந்தார். தென்னங்குருத்தும் தேங்காய்ப்பாலும், நான் தூக்கிப்போன அரிசியில் சோறு, சுட்ட கருவாடு. தார்ப்பாய்க்குக் கீழே மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அதுதான் நோச்சே புவேனா. கஜாவுக்கு அப்புறம் எங்கள் வீட்டிலும் ஒரு வாரம் குருத்துக் கூட்டுதான். அம்மா அதைக் கோபத்தோடு சமைத்தாள். அந்த வீட்டு அம்மா எனக்கு இரண்டாம் முறை வைத்தார், மூன்றாம் முறையும் வைத்தார்.

நெல்லைக்காரன், மக்காத்தி:

அண்ணே, அந்தத் தோப்பு இப்போது எப்படி இருக்கிறது?

பட்டுக்கோட்டை, இப்போது செபு:

கன்று இடுப்புயரம் இருந்தபோது ஒரு தடவை போனேன். ஊடுபயிராக வாழை. பெரியவர் இன்னும் ஏறுகிறார், நின்ற மரங்களில். இந்த டிசம்பரும் போகிறேன்.

மதுரைப் பொண்ணு, தவாவோ:

லாஸ் பான்யோஸ் ஐயா, காய் கிடைத்துவிட்டது!! தீத்தா வீட்டுக் கொல்லையிலேயே மரம். இத்தனை நாளாகக் கீரையை மட்டும் பறித்துக்கொண்டு, காயை மரத்திலேயே காயவிட்டிருக்கிறார்கள். முற்றாததாக ஏழு தேறியது. சாம்பார்ப் பொடி அம்மா கொடுத்தது இருந்தது, பருப்பு இந்தியக் கடையில் வாங்கினேன். புளி தீர்ந்துபோயிருந்தது. என்ன செய்ய, சினிகாங் சூப்புக்குப் போடும் புளிப்பொடிப் பாக்கெட் ஒன்றை உடைத்துப் போட்டேன். மதுரையில் சொல்லிவிடாதீர்கள்.

தீத்தாவுக்கு ஒரு கிண்ணம் கொண்டுபோனேன். காயை எப்படிச் சாப்பிடுவது என்று காட்டினேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சினிகாங் நல்லா இருக்கு, ஆனா மீனைப் போட மறந்துட்டே" என்றார்.