மார்கான்ஷியாவையும் கங்காரு எலியையும் எதை வைத்து ஒப்பிடுவது?

பிளஸ் ஒன் மாணவர்களுக்கு நீரிழப்பு பற்றி வகுப்பு எடுக்க வேண்டும். ஒரு பக்கம் வட அமெரிக்கப் பாலைவனத்துக் கங்காரு எலி, மறுபக்கம் மார்கான்ஷியா என்ற, ஈரமான இடத்தில் தட்டையாகப் படரும் சிறு ஈரல்செடி (லிவர்வொர்ட்). வெள்ளிக்கிழமை வகுப்பு; ஒப்பீடு பாதியில் நிற்கிறது.

எலிப் பக்கம் சிக்கலில்லை. அது தண்ணீர் குடிக்காமலே வாழும். காய்ந்த விதைதான் அதன் குடம்: 1 கிராம் மாவுச்சத்து உடலில் எரிந்தால் சுமார் 0.56 கிராம் நீர் கிடைக்கும். கொழுப்பு என்றால் 1 கிராமுக்குச் சற்று மேலேயே. பகலெல்லாம் வளைக்குள் இருக்கும், சிறுநீரும் மிகச் செறிவு.

மார்கான்ஷியாதான் படுத்துகிறது. கொடைக்கானலில் ஓடையோரக் கல்லில் இருந்து கட்டைவிரல் அளவுக்கு எடுத்து வந்தேன். மதுரை வீட்டில் மின்விசிறிக்குக் கீழே நகைத் தராசில் வைத்தேன். அரை மணியில் விளிம்பு உள்பக்கமாகச் சுருண்டு கருத்தது, எடை கண்ணெதிரே இறங்கியது. அதன் மேல்பரப்பில் துளைகள் உண்டு, ஆனால் மூடித் திறக்கக் காப்பு செல்கள் கிடையாதே! அப்புறம் கண்ணாடி டப்பாவால் மூடிப் பார்த்தேன். இறக்கம் மெதுவானது, நிற்கவில்லை.

ஒரு கிராம் உடல் எடைக்கு எவ்வளவு நீர் போகிறது என்று எடைக் கணக்கில் போட்டால், மெல்லிசாகத் தட்டையாக இருக்கும் பாவத்துக்குச் செடி படுதோல்வி. பரப்பளவுக் கணக்குக்கு வரைபடத் தாளில் செடியை வரைந்து கட்டம் எண்ணிவிட்டேன். எலிக்கு எந்தப் பரப்பை எடுப்பது? தோலையா, மூச்சில் ஈரம் போகும் நுரையீரலையா?

இரண்டுக்கும் பொதுவான, மாணவர்களுக்குப் புரிகிற ஒரே அளவுகோல் எது?