ஸ்ட்ராட்டில் விரல் வலிக்கிறது, லெஸ் பாலில் வலிக்கவில்லை. கிட்டாரை மாற்றணுமா?

சயான்_வீணை
வணக்கம். சின்ன வயதிலிருந்து வீணை வாசிப்பவள். இப்போது எலக்ட்ரிக் கிட்டாரில் ராகம் வாசிக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். என்னிடம் இருப்பது ஒரு ஸ்குயர் ஸ்ட்ராட் (ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் மாடல்). வாங்கிய புதிதில் நன்றாகத்தான் இருந்தது. மழைக்காலத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஸ்ட்ரிங் துருப்பிடித்துவிட்டது என்று ஒரு கடையில் மாற்றிக்கொண்டு வந்தேன். அதிலிருந்து கல்யாணியில் ஒரு ஜாரு (ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு வழுக்கிப் போவது) வாசித்தாலே விரல் நுனி எரிகிறது. தோடி காந்தாரத்தை ஆட்டினால் பாதி வழியில் கை களைத்துப்போகிறது.

போன வாரம் மும்பை செம்பூரில் தோழி வீட்டில் அவளுடைய எபிஃபோன் லெஸ் பாலை எடுத்து வாசித்தேன். அதே தோடி, அதே விரல், ஆனால் ஸ்ட்ரிங் சொன்ன பேச்சைக் கேட்டது. இரண்டுமே ஸ்டாண்டர்டு ட்யூனிங்தான். ஸ்ட்ராட்டை விற்றுவிட்டு லெஸ் பால் வாங்கிவிடலாமா? வீட்டில் பணம் கேட்பதற்கு முன்னால் காரணம் தெரிந்துகொள்ள வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தாராவி_லீட்
வாங்கிடுங்க. ஸ்ட்ராட் என்றாலே கொஞ்சம் விறைப்புதான். ஸ்கேல் நீளம், அதாவது ஸ்ட்ரிங் அதிரும் நீளம், 25.5 அங்குலம். லெஸ் பால் 24.75. நீளம் குறைந்தால் அதே சுருதிக்கு இழுவிசையும் குறையும். நான் பேண்டில் இரண்டும் வாசிக்கிறேன், பெண்டிங்குக்கு (ஸ்ட்ரிங்கைப் பக்கவாட்டில் இழுத்துச் சுருதி ஏற்றுவது) எப்போதும் லெஸ் பால்தான் எடுப்பேன்.

முலுண்ட்_பேஸ்
மழைக்காலம் வேறு. ஈரம் ஏறி இறங்கும்போது நெக் (கிட்டாரின் கழுத்து) வளைவு மாறும். அதையும் பாருங்கள்.

செம்பூர்_செட்டப்
தங்கச்சி, கொஞ்சம் பொறு. விற்கிற பேச்சை அப்புறம் வைத்துக்கொள்வோம். நீ எழுதியதிலேயே முக்கியமான வரி, கடையில் ஸ்ட்ரிங் மாற்றியதிலிருந்து வலிக்கிறது என்பதுதான். அதற்கு முன்னால் அதே ஸ்ட்ராட் நன்றாகத்தானே இருந்தது? அதன் நீளம் நடுவில் கூடவில்லையே.

தாராவி தம்பி சொன்ன கணக்கு சரிதான், ஆனால் அளவைப் பார்க்கணும். இழுவிசை நீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்து மாறும். 25.5-இலிருந்து 24.75-க்கு வந்தால் ஏறக்குறைய 6 சதவீதம் குறையும். விரலுக்குத் தெரியும், மறுக்கவில்லை. ஆனால் ஸ்ட்ரிங் கேஜ், அதாவது கம்பியின் தடிமன், என்ன செய்கிறது என்று பார். 25.5 அங்குலத்தில் முதல் ஸ்ட்ரிங் .010 அங்குலம் என்றால் சுமார் 7.4 கிலோ இழுவிசை. அதே இடத்தில் .009 போட்டால் சுமார் 6 கிலோ. கிட்டத்தட்ட 19 சதவீதம் இறக்கம். அதாவது கிட்டாரை மாற்றிக் கிடைப்பதைப்போல மூன்று மடங்கு, ஒரு பாக்கெட் ஸ்ட்ரிங்கில் கிடைக்கும்.

என் சந்தேகம் இது. இந்த வகை ஸ்ட்ராட் பெரும்பாலும் 9-42 செட்டோடு (முதல் ஸ்ட்ரிங் .009, ஆறாவது .042) வரும். கடையில் 10-46 போட்டுக் கொடுத்திருப்பார்கள். தோழி தன் லெஸ் பாலில் 9 போட்டிருப்பாள். அப்படியென்றால் நீ ஒப்பிட்டது இரண்டு கிட்டாரை இல்லை, இரண்டு கேஜை.

கீழே உள்ளதைப் பார்த்துச் சொல்:
கடையில் போட்ட பாக்கெட்டில் என்ன எண் இருக்கிறது? தோழியுடையதில்?
முதல் ஃபிரெட்டில் (வீணையின் மெட்டு மாதிரி) கேபோ, அதாவது எல்லா ஸ்ட்ரிங்கையும் அழுத்திப் பிடிக்கும் கிளிப், மாட்டிவிட்டு வாசித்துப் பார். திடீரென்று லேசானால் நட் (தலைப்பக்கம் ஸ்ட்ரிங் உட்காரும் பட்டை) உயரமாக இருக்கிறது என்று அர்த்தம்.
கேபோ முதல் ஃபிரெட்டில் இருக்கும்போதே, ஆறாவது ஸ்ட்ரிங்கைக் கடைசி ஃபிரெட்டில் அழுத்து. ஏழு, எட்டாம் ஃபிரெட் பக்கம் ஸ்ட்ரிங்குக்கும் ஃபிரெட்டுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி? ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இருந்தால் போதும், 0.25 மி.மீ. சுற்றி.
கேபோவைக் கழற்றிவிட்டு, 17-வது ஃபிரெட்டில் முதல், ஆறாம் ஸ்ட்ரிங் உயரம். ஸ்டீல் ஸ்கேல் போதும்.
பிரிட்ஜை (உடம்பின் மேல் ஸ்ட்ரிங் உட்காரும் பகுதி) பக்கவாட்டில் பார். தட்டு உடம்போடு படுத்திருக்கிறதா, பின்பக்கம் தூக்கிக்கொண்டிருக்கிறதா?

மாட்டுங்கா_மாமா
கடைசிக் கேள்விதான் இதில் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஏன் என்று சொல்கிறேன். 9-42 செட் முழுவதும் சேர்ந்து சுமார் 38 கிலோ இழுக்கும். 10-46 சுமார் 46 கிலோ. ஸ்ட்ராட் பிரிட்ஜ் ஆணியில் அறைந்தது இல்லை. முன்பக்கம் ஸ்ட்ரிங் இழுக்கிறது, பின்பக்கம் ஸ்ப்ரிங் இழுக்கிறது, நடுவில் பிரிட்ஜ் நிற்கிறது. ஸ்ட்ரிங் பக்கம் எட்டு கிலோ ஏறினால் பிரிட்ஜ் முன்னால் சாயும், ஸ்ட்ரிங்குகளும் மேலே எழும்பும். அதே எட்டு கிலோ நெக்கையும் முன்னால் வளைக்கும். ஸ்ட்ரிங் தடித்ததோடு ஆக்‌ஷனும் (ஃபிரெட்டுக்கு மேல் ஸ்ட்ரிங் நிற்கும் உயரம்) ஏறி, வளைவும் கூடினால் விரல் என்ன செய்யும்? லெஸ் பாலில் பிரிட்ஜ் அசையாது. அதனால் கேஜ் மாற்றினாலும் அங்கே இவ்வளவு கூத்து நடக்காது.

சயான்_வீணை
எல்லோருக்கும் நன்றி. பார்த்துவிட்டேன்.

என் ஸ்ட்ராட்டில் போட்டிருப்பது 10-46. தோழியுடையது 9-42, அவளே மாற்றிப் போட்டாளாம். கேபோ மாட்டினால் பெரிய வித்தியாசம் இல்லை. நடுவில் இரண்டு விசிட்டிங் கார்டு சேர்த்து நுழைகிறது. 17-வது ஃபிரெட்டில் முதல் ஸ்ட்ரிங் 2.5 மி.மீ., ஆறாவது அதற்கும் கொஞ்சம் மேலே. பிரிட்ஜ் பின்பக்கம் நன்றாகத் தூக்கிக்கொண்டிருக்கிறது, 5 மி.மீ. இருக்கும்.

செம்பூர்_செட்டப்
அப்போ படம் தெளிவாகிவிட்டது. நட் பிரச்சினை இல்லை. மீதி எல்லாமே அந்த 10-46 கொண்டுவந்த வினை. ஃபெண்டர் சொல்லும் அளவு, 9.5 அங்குல ரேடியஸுக்கு (ஃபிங்கர்போர்டின் உருட்சி) 17-வது ஃபிரெட்டில் இரண்டு பக்கமும் 1.6 மி.மீ. மிதக்கும் பிரிட்ஜின் பின்பக்கம் சுமார் 3.2 மி.மீ. உன்னுடையது எல்லாவற்றிலும் மேலே நிற்கிறது.

செய்ய வேண்டியது இந்த வரிசையில். முதலில் 9-42 போட்டுச் சுருதி சேர். பிரிட்ஜ் தானாகவே பாதி இறங்கிவிடும். அப்புறம் பின்பக்க மூடியைத் திறந்து, ஸ்ப்ரிங்கைப் பிடித்திருக்கும் தகட்டின் இரண்டு திருகுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி 3.2-க்குக் கொண்டுவா. ஒவ்வொரு தடவையும் மறுபடி சுருதி சேர்த்த பிறகுதான் அளக்கணும். அதன் பிறகு நெக் வளைவைப் பார். இன்னும் அதிகமாக இருந்தால் டிரஸ் ராடை (நெக்குக்குள் இருக்கும், வளைவைச் சரிசெய்யும் கம்பி) வலப்புறம் கால் சுற்று. கால் சுற்றுக்கு மேல் ஒரே நேரத்தில் போகாதே. திருக முடியாமல் இறுக்கமாக இருந்தால் நிறுத்திவிட்டுத் தெரிந்தவரிடம் கொடு. எல்லாம் சரியான பிறகு கடைசியாக சேடில் (பிரிட்ஜில் ஒவ்வொரு ஸ்ட்ரிங்கும் உட்காரும் துண்டு) உயரம், இன்டோனேஷன் (மேல் ஃபிரெட்களிலும் சுருதி சரியாக நிற்பது).

தலைகீழாகச் செய்தால் ஒவ்வொன்றும் அடுத்ததைக் கெடுக்கும். ஆக்‌ஷன் அதிகம் என்று முதலிலேயே சேடிலை இறக்கிவிட்டு, பிறகு வளைவைச் சரிசெய்தால் ஸ்ட்ரிங் எல்லாம் ஃபிரெட்டில் கரகரக்கும்.

தாராவி_லீட்
சரி அண்ணா, கேஜ் விஷயம் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இரண்டையும் சமமாக செட்டப் செய்தாலும் லெஸ் பால் வேறு மாதிரிதான் இருக்கும். அதையும் அவங்களுக்குச் சொல்லணும்.

செம்பூர்_செட்டப்
கண்டிப்பாக. சமமாக்கிய பிறகு மிஞ்சுவதுதான் கிட்டாரின் சொந்தக் குணம். தங்கச்சி, செட்டப் முடிந்ததும் தோழியிடமிருந்து லெஸ் பாலை வாங்கி இரண்டையும் பக்கத்தில் வைத்து, ஆம்ப் போடாமல் ஒரே பிடியை மாற்றி மாற்றி வாசி. என்ன தெரிகிறது என்று எழுது.

சயான்_வீணை
செட்டப் முடிந்தது. டிரஸ் ராடை மட்டும் மாட்டுங்காவில் ஒருவரிடம் கொடுத்துச் செய்துகொண்டேன், மற்றதெல்லாம் நானே. எரிச்சல் போய்விட்டது. என் ஸ்ட்ராட் திரும்பக் கிடைத்த மாதிரி இருக்கிறது.

தோழியின் லெஸ் பாலையும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்து வாசித்தேன். இப்போது வித்தியாசம் சின்னது, ஆனால் இருக்கிறது.

ஒன்று, லெஸ் பாலில் இழுத்தால் சுருதி சீக்கிரம் ஏறுகிறது. ஸ்ட்ராட்டில் அதே ஸ்வரத்துக்கு விரல் இன்னும் கொஞ்சம் தூரம் போக வேண்டியிருக்கிறது. பக்கத்து ஸ்ட்ரிங்கை ஆதாரமாக மீட்டிக்கொண்டே இழுத்தால் ஆதாரமும் இறங்குகிறது. காதுக்கு ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது.

இரண்டு, 14, 15-வது ஃபிரெட்டில் முதல் ஸ்ட்ரிங்கை ஒன்றரை ஸ்வரத்துக்கு (மூன்று ஃபிரெட் அளவு) மேல் இழுத்தால் ஸ்ட்ராட்டில் நாதம் செத்துவிடுகிறது. லெஸ் பாலில் இல்லை.

மூன்று, ஸ்ட்ராட்டின் நெக் பின்பக்கம் பளபளப்பாக இருக்கிறது. கை வியர்த்தால் கட்டைவிரல் ஒட்டுகிறது.

வீணையில் ரிஷப மெட்டிலேயே விரலை வைத்து காந்தாரம், மத்யமம் வரை இழுத்துவிடுவேன். அந்தச் சுதந்திரம் எதில் கிடைக்கும் என்பதுதான் இப்போது என் கேள்வி.

மாட்டுங்கா_மாமா
நீங்கள் கவனித்த மூன்றுக்கும் தனித்தனிக் காரணம் உண்டு அம்மா.

முதலாவது பிரிட்ஜ். மிதக்கும் பிரிட்ஜில் ஒரு ஸ்ட்ரிங்கை இழுத்தால் பிரிட்ஜ் முன்னால் சரியும், மற்ற எல்லா ஸ்ட்ரிங்கும் தளரும். இழுக்கிற ஸ்ட்ரிங்கும் கொஞ்சம் தளர்வதால்தான் அதிக தூரம் போக வேண்டியிருக்கிறது. ஆதார சுருதி வைத்து வாசிப்பவர்களுக்கு இது ஒத்தே வராது. ஸ்ப்ரிங்கை ஐந்தாக்கி, திருகுகளை இறுக்கி, பிரிட்ஜை உடம்போடு படுக்க வைத்துவிடுங்கள். காந்தாரத்தை ஆட்டும்போது ஸட்ஜம் அசையாது. உங்களுக்கு ட்ரெமலோ கம்பி (பிரிட்ஜை ஆட்டும் கைப்பிடி) தேவையே இல்லையே.

ஒரு விஷயம் சேர்த்துக்கொள்கிறேன். மெல்லிய ஸ்ட்ரிங் போட்டால் இழுக்கும் தூரம் குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். சுற்று இல்லாத வெறும் எஃகுக் கம்பியில் 9 ஆனாலும் 10 ஆனாலும் ஒரு ஸ்வரம் ஏற விரல் போகும் தூரம் ஒன்றுதான். குறைவது அதற்கான பலம் மட்டும்.

இரண்டாவது ரேடியஸ். ஃபிங்கர்போர்டு தட்டையாக இல்லை, மேலே லேசாக உருண்டிருக்கிறது. ஸ்ட்ராட்டில் 9.5 அங்குலம், பழைய மாடல்களில் 7.25. லெஸ் பாலில் 12. எண் சிறியதானால் உருட்சி அதிகம். முதல் ஸ்ட்ரிங்கை நடுவை நோக்கி இழுக்கும்போது அது மேட்டில் ஏறி அடுத்த ஃபிரெட்களில் தட்டுகிறது. நாதம் சாவது அதனால்தான். ஆக்‌ஷனைக் கொஞ்சம் ஏற்றினால் குறையும். முழுதாகப் போகணும் என்றால் தட்டையான போர்டு வேண்டும். ஐபனெஸ் ஆர்ஜி வகையில் 400 மி.மீ., அதாவது 16 அங்குலத்துக்குப் பக்கம்.

செம்பூர்_செட்டப்
மூன்றாவதை நான் சொல்கிறேன். நம்ம மும்பை வியர்வைக்குப் பளபளா பாலிஷ் ஆகாது. நெக் பின்பக்கத்தை மட்டும் மிக நுண்ணிய தேய்ப்பு நார் வைத்து நீளவாக்கில் லேசாகத் தேய். பளபளப்பு போய் மங்கலானதும் நிறுத்திவிடு, மரம் வரை போகாதே. எஃகு நார் பயன்படுத்தினால் பிக்கப்பை (ஸ்ட்ரிங்குக்குக் கீழே உள்ள காந்த ஒலிவாங்கி) டேப் போட்டு மூடிவிடு. அந்தத் தூள் காந்தத்தில் ஒட்டிக்கொண்டால் எடுக்கவே முடியாது.

ஃபிரெட் உயரமும் முக்கியம். வீணையில் விரல் மரத்தைத் தொடுவதே இல்லை, கம்பி மெட்டின் மேலேயே நிற்கும். கிட்டாரில் ஃபிரெட் குட்டையாக இருந்தால் விரல் சதை மரத்தில் உரசிக்கொண்டே போகும், இழுவைக்கு அதுவே தடை. உயரமான ஜம்போ ஃபிரெட் போட்டால் உனக்கு வீடு மாதிரி இருக்கும். இன்னும் ஒரு படி மேலே போய், ஃபிரெட்களுக்கு நடுவில் மரத்தைக் குடைந்து எடுப்பார்கள். சக்தி என்ற இந்திய-ஜாஸ் கலவைக் குழுவில் ஜான் மெக்லாஃப்லின் வாசித்த கிட்டாரில் அப்படித்தான் குடைந்திருந்தது. ஆனால் குடைந்தால் திரும்ப வராது, அதை இப்போது யோசிக்காதே.

தாராவி_லீட்
லெஸ் பால் வாங்கினால் எடையையும் பாருங்க. பெரும்பாலும் நாலு கிலோ பக்கம் இருக்கும். ஹெட்ஸ்டாக் (தலைப்பகுதி) பின்னால் சாய்ந்திருப்பதால் கீழே விழுந்தால் அங்கேதான் உடையும். சாயங்கால லோக்கலில் மெல்லிய பையில் போட்டு எடுத்துப்போகவே கூடாது, ஹார்ட் கேஸ் வேணும். உங்க ஸ்ட்ராட்டுக்கு அந்தக் கவலை ரொம்பக் குறைவு.

சயான்_வீணை
சம்மணம் போட்டு உட்கார்ந்துதான் வாசிப்பேன், அதனால் எடை எனக்கு முக்கியம். லெஸ் பாலின் விளிம்பு விலா எலும்பில் இடிக்கவும் செய்தது. ஸ்ட்ராட்டின் பின்பக்கக் குழிவு சரியாகப் பொருந்துகிறது.

அதனால் ஸ்ட்ராட்டை விற்கவில்லை. பிரிட்ஜைப் படுக்க வைத்து, நெக்கைத் தேய்த்துக்கொள்கிறேன். மேல் ஸ்தாயி பிரச்சினைக்குக் கடைக்குப் போய் தட்டையான போர்டு உள்ள ஒன்றிரண்டை வாசித்துப் பார்க்கிறேன், வாங்குவது பிறகு. டோபி தலாவ் பக்கம் போகலாம் என்று இருக்கிறேன். கடையில் என்ன கேட்கணும்?

செம்பூர்_செட்டப்
முதலில் இந்தக் கிட்டாரில் போட்டிருப்பது என்ன கேஜ் என்று கேள். பிறகு ஸ்டீல் ஸ்கேலும் கேபோவும் எடுத்து, வீட்டில் அளந்த மாதிரியே அளந்துவிட்டு வாசி. ஆம்ப் வேண்டாம். 15-வது ஃபிரெட்டில் முதல் ஸ்ட்ரிங்கை இரண்டு ஸ்வரம் இழுத்து நிறுத்து, நாதம் நிற்கிறதா பார். முடிந்தால் ஒரு ஸ்டூலிலாவது உட்கார்ந்து வாசி, நின்று வாசித்து முடிவு செய்யாதே.

ஆர்ஜியில் பூட்டும் நட் (ஸ்ட்ரிங்கை நகராமல் இறுக்கிப் பிடிப்பது) உள்ள மாடலும் இருக்கிறது, இல்லாததும் இருக்கிறது. பூட்டு உள்ளதில் பிரிட்ஜ் மிதக்கும், ஆதாரம் இறங்கும் அதே தொல்லை. நிலையான பிரிட்ஜ் உள்ளதாகப் பார்த்து எடு.

சயான்_வீணை
குறித்துக்கொண்டேன் அண்ணா. ஐந்து ஸ்ப்ரிங் போட்டதும் திருகை எவ்வளவு இறுக்கணும்?

மாட்டுங்கா_மாமா
முழு சுருதியில் வைத்து, மூன்றாவது ஸ்ட்ரிங்கை ஒரு முழு ஸ்வரம் இழுங்கள். பிரிட்ஜ் தட்டு உடம்பை விட்டு எழும்பக் கூடாது. எழும்பினால் இரண்டு திருகையும் அரை அரைச் சுற்று. எழும்பாத இடத்தில் நிறுத்திவிட்டு, ஆக்‌ஷனையும் இன்டோனேஷனையும் இன்னொரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். பிரிட்ஜ் இறங்கியதில் இரண்டும் மாறியிருக்கும்.