24 வோல்ட் சென்சார் சிக்னலை ஈஎஸ்பி32-க்கு எப்படிக் குறைத்துக் கொடுப்பது?

கேள்வி:
வணக்கம். விஎஃப்டியில் (மோட்டாரின் வேகத்தை மாற்றித் தரும் கருவி) ஓடும் ஒரு மோட்டாரின் சுழல் வேகத்தை ஈஎஸ்பி32 என்ற மைக்ரோகண்ட்ரோலர் கொண்டு அளக்க விரும்புகிறேன். தண்டில் பொருத்திய போல்ட் ஒவ்வொரு சுற்றிலும் பிஎன்பி வகை (உணரும்போது வெளியீட்டில் சப்ளை வோல்ட்டைத் தரும்) ப்ராக்ஸிமிட்டி சென்சாரை, அதாவது அருகில் வரும் உலோகத்தை உணரும் சென்சாரைக் கடக்கும்போது, அதன் கறுப்பு வயரில் 24 வோல்ட் வருகிறது. ஈஎஸ்பி32 பின் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது என்பதால், இரண்டு ரெசிஸ்டர்களால் பிரித்துக் கொடுத்தால் போதுமா? வயர் ஏறத்தாழ 10 மீட்டர் நீளம்.

மறுமொழி 1:
மேலே 10 கிலோ ஓம், கீழே 1.5 கிலோ ஓம் போட்டால் 24 வோல்ட் 3.13 வோல்ட்டாகிவிடும். பிஎன்பி சென்சார் அணைந்திருக்கையில் அதன் வெளியீடு எங்கும் இணையாமல் மிதக்கும். அப்போது பின்னைக் கிரவுண்டுக்கு இழுத்து வைப்பதும் அந்தக் கீழ் ரெசிஸ்டர்தான்.

மறுமொழி 2:
மேசைச் சோதனைக்கு அது சரி, பட்டறைக்குச் சரிவராது. சப்ளை 28 வோல்ட்டுக்கு ஏறினால் பின்னுக்கு 3.65 வோல்ட் போய்விடும். அதற்கு அஞ்சிக் கீழே 1.2 கிலோ ஓம் போட்டால், சென்சாருக்குள்ளேயே ஒன்றிரண்டு வோல்ட் விழுந்து 22 வோல்ட் வரும்போது பின்னில் 2.36 வோல்ட்தான் இருக்கும். ஆனால் ஈஎஸ்பி32 ஒரு சிக்னலை 'ஹை' என்று உறுதியாக ஏற்பதற்குத் தன் சப்ளையில் 0.75 பங்கு, அதாவது சுமார் 2.48 வோல்ட் தேவை. போதாக்குறைக்கு விஎஃப்டியின் இரைச்சல் வேறு.

பிசி817 ஆப்டோகப்ளர் (சிக்னலை ஒளி வழியே கடத்தி, இரு பக்கங்களையும் மின்தொடர்பின்றிப் பிரிக்கும் சில்லு) ஒன்றைப் போட்டுவிடுங்கள். கறுப்பு வயரிலிருந்து 4.7 கிலோ ஓம் வழியாக அதன் எல்இடிக்குச் சுமார் 5 மில்லி ஆம்பியர் செல்லும்; எல்இடியின் மறுமுனை சென்சாரின் நீல வயருக்கு (0 வோல்ட்) போக வேண்டும். மறுபுறத்தில் உள்ள டிரான்சிஸ்டரின் எமிட்டரை ஈஎஸ்பி32-இன் கிரவுண்டிலும், கலெக்டரைப் பின்னிலும் இணைத்து, பின்னிலிருந்து 3.3 வோல்ட்டுக்கு 10 கிலோ ஓம் புல்-அப் (பின்னை 'ஹை'யில் இழுத்து வைக்கும் ரெசிஸ்டர்) கொடுங்கள். இரு கிரவுண்டுகளையும் சேர்த்துவிடாதீர்கள். சேர்த்தால் ஆப்டோ போட்டதற்கே பொருளில்லை.

கேட்டவர்:
நன்றி ஐயா. 34-ஆம் பின்னைப் பயன்படுத்தலாமா? வேகம் 1500 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 1500 சுற்று) வரை போகும்.

மறுமொழி 2:
தாராளமாகப் பயன்படுத்தலாம். 34 முதல் 39 வரையுள்ள பின்களில் உள் புல்-அப் கிடையாது என்பதால், வெளியில் போடும் அந்த 10 கிலோ ஓம் கட்டாயம். சிக்னல் தலைகீழாக வரும்: போல்ட் கடக்கும்போது பின் 'லோ' ஆகும். ஆகவே இறங்கு விளிம்பை ('ஹை'யிலிருந்து 'லோ'வுக்கு இறங்கும் கணத்தை) எண்ணுங்கள். 1500 ஆர்பிஎம்மில் ஒரு சுற்றுக்கு 40 மில்லி விநாடி ஆவதால், முந்தைய துடிப்பிலிருந்து 5 மில்லி விநாடிக்குள் வருவதை இரைச்சல் என்று நிரலிலேயே தள்ளிவிடலாம்.