குடும்பமாக ஒலிப்புத்தகம் கேட்பது: பிள்ளைகள் படிப்பதை நிறுத்திவிடுவார்களா?

திருச்சி_வாசகி
இரவுச் சாப்பாடு முடிந்ததும் டிவியை அணைத்துவிட்டு, ஸ்பீக்கரில் பொன்னியின் செல்வன் ஒலிப்புத்தகம் போடுகிறோம். மாமியாருக்குக் கண் மங்கிவிட்டது, அவருக்காகத் தொடங்கியதுதான். இப்போது நான், கணவர், ஏழாவது படிக்கும் மகன், மூன்றாவது படிக்கும் மகள் எல்லோரும் கூடத்தில் ஆஜர். என் நாத்தனார் மட்டும் "இப்படியே பழக்கினால் பிள்ளைகள் புத்தகத்தைத் தொடவே மாட்டார்கள்" என்கிறார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

கறார்_வாத்தியார்
நாத்தனார் பக்கம்தான் நான். புத்தகத்தில் ஒரு வரி புரியாவிட்டால் கண் தானாகத் திரும்பிப் போகும். ஒலி யாருக்காகவும் நிற்காது. அத்தனை பெரியவர்கள் நடுவில் "நிறுத்துங்க, புரியலை" என்று சொல்ல மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு வாய் வராது, தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். எட்டாம் வகுப்புக்கு வந்தும் எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளைகளைத் தினமும் பார்க்கிறவன் நான்.

திண்ணைப்பேச்சு
வாத்தியாரே, அந்தக் கதை 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வாரா வாரம் வந்தது. எத்தனையோ வீடுகளில் ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். அடுப்படியில் இருந்தபடியே கேட்டவர்களும் உண்டு. அவர்கள் பிள்ளைகள்தானே பிறகு நூலகங்களில் வரிசையில் நின்றார்கள்?

கறார்_வாத்தியார்
அங்கே படித்தவர் வீட்டு ஆள். பாட்டி "யாருப்பா இந்த ரவிதாசன்?" என்று கேட்டால் நிறுத்திச் சொல்லுவார். அப்புறம், இதழில் வந்தது தீர்ந்துவிட்டால் ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். அந்த வாரம் முழுக்கப் பேச்சு அதைப் பற்றித்தான். இப்போது ஒரு அத்தியாயம் முடிந்த நொடியே அடுத்தது தானாக ஓடுகிறது. இதில் பேசுவதற்கு இடம் எங்கே இருக்கிறது?

டொராண்டோ_தமிழன்
வெளிநாட்டில் பிள்ளை வளர்ப்பவனாகச் சொல்கிறேன். வீட்டில் பேசும் தமிழ் பிள்ளைக்கு நன்றாகத் தெரியும், புத்தகத் தமிழ்தான் அந்நியம். "வந்திட்டான்" என்று பேசுகிற பிள்ளை "வந்துவிட்டான்" என்று அச்சில் பார்த்தால் திகைத்து நிற்கிறது. கடல், தங்கம், அகம் மூன்றிலும் ககரம் மூன்று விதமாக ஒலிக்கும் என்பதையும் எழுத்து சொல்லித் தராது, காதுதான் சொல்லித் தர வேண்டும். கஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் 1986-இல் ஒரு எளிய கணக்குச் சொன்னார்கள்: எழுத்தை ஒலியாக்கும் திறனையும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவதுதான் வாசிப்பு. இரண்டாவதை ஒலிப்புத்தகம் வளர்க்கிறது.

கறார்_வாத்தியார்
பெருக்கல் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். ஒன்று பூச்சியமானால் விடையும் பூச்சியம்.

டொராண்டோ_தமிழன்
சரி, அந்தக் கணக்கு இரண்டு பக்கமும் வெட்டும். ஆனால் நான் பார்க்கிற பிள்ளைகள் எழுத்து தெரியாதவர்கள் அல்ல. எழுத்து தெரிந்தும் நீளமான வாக்கியத்தின் நடுவில் தொலைந்துபோகிறவர்கள். அந்த வாக்கியங்களை முன்பே காதால் கேட்டிருந்தால் பாதி பயம் போய்விடும்.

வேகம்_ஒன்னேகால்
பெரியவர்கள் ஆராய்ச்சி பேசுகிறீர்கள், எங்கள் வீட்டுச் சண்டையே வேறு. அப்பாவுக்கு 1.25 வேகம் வேண்டும், அம்மாவுக்குச் சாதாரண வேகம்தான் வேண்டும். அக்கா இயர்போன் மாட்டிக்கொண்டு எங்களைத் தாண்டி ஓடிப்போய், ஆதித்த கரிகாலனுக்கு என்ன ஆகிறது என்பதை இட்லிக்குச் சட்னி கேட்கிற நேரத்தில் போட்டு உடைத்தாள். செயலியில் எல்லோருக்கும் ஒரே கணக்கு (அக்கவுண்ட்) இருந்தால் இதுதான் கதி. இருந்தாலும் காரில் இதை விட்டால் வழியில்லை. ஓடும் வண்டியில் படித்தால் எனக்குக் குமட்டும்.

திருச்சி_வாசகி
வாத்தியார் சார், தலையாட்டுவாள் என்றீர்களே. முதல் அத்தியாயத்திலேயே என் மகள் நிறுத்திவிட்டாள். ஆடிப்பெருக்கு நாளில் வந்தியத்தேவன் வீராணம் ஏரிக்கரையில் குதிரையில் போகிறான், 74 கணவாய்கள் வழியாகத் தண்ணீர் பாய்கிறது என்று வரும். "ஒரு ஏரிக்கு எதுக்கு அத்தனை வழி?" என்று கேட்டாள். மாமியாருக்குப் பிறந்த ஊர் காட்டுமன்னார்கோயில் பக்கம். மதகு, வாய்க்கால், முறை வைத்துத் தண்ணீர் விடுவது, வரப்புச் சண்டை எல்லாம் வந்துவிட்டது. அன்று வந்தியத்தேவன் ஏரிக்கரையைத் தாண்டவே இல்லை!

கறார்_வாத்தியார்
நல்லது. அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஸ்பீக்கரை ஓய்வுக்கு விட்டு, மகனை ஒரு அத்தியாயம் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள்.

திண்ணைப்பேச்சு
ஆரம்பித்துவிட்டீர்களா! அதையும் வீட்டுப்பாடமாக மாற்றினால் பையன் அந்தப் பக்கமே வரமாட்டான்.

திருச்சி_வாசகி
கேட்டுப் பார்த்தேன். "பாட்டி ழகரத்தைத் திருத்திக்கிட்டே இருப்பாங்க, நான் மாட்டேன்" என்கிறான்.

கறார்_வாத்தியார்
ழகரம் திருத்துகிற பாட்டி கூடத்தில் இருக்கிறார் என்றால் என் எதிர்ப்பில் பாதியை எடுத்துக்கொள்கிறேன். அடுத்த அத்தியாயம் தானாக ஓடுகிற வசதியை மட்டும் அணைத்துவையுங்கள். மீதிப் பாதி எதிர்ப்பு அதற்குத்தான்.

திருச்சி_வாசகி
மகன் செயலியைத் தோண்டி அதை அணைத்துவிட்டான். நாத்தனாரிடம் இந்த விவாதத்தைக் காட்டுவதாக இல்லை, உங்கள் முதல் பதிலை மட்டும் பிடித்துக்கொள்வார்.